மூக்கில் நிற்காத கண்ணாடி, முகத்துக்கு எடுக்காத ஃபிரேம்: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

புதுக் கண்ணாடி ஒத்துவரவில்லை என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பவரைத்தான். மதுரை வரை போய்க் கண் காட்டி, சீட்டு வாங்கி, அதன்படியே லென்ஸ் போட்டிருப்பார்கள். சீட்டிலும் பிழை இருக்காது, லென்ஸிலும் பிழை இருக்காது. ஃபிரேம் மூக்கில் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்காது, அவ்வளவுதான். அழகு விஷயமும் இப்படித்தான். "எனக்கு இந்த மாடல் எடுக்கல" என்று ஒதுக்கி வைத்த ஃபிரேமை மூக்கில் 2 மில்லிமீட்டர் தூக்கி நிறுத்திப் பாருங்கள், முகமே மாறித் தெரியும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்து வெயில், வியர்வை, திருநீறு, தலைக்கு வைக்கும் எண்ணெய், ஊர் வீடுகளின் உயரப் படிகள் எல்லாவற்றையும் மனத்தில் வைத்து எழுதியது இது. உங்கள் கண்ணாடியின் கோளாறு எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் கீழே உள்ள சோதனைகளை மட்டும் செய்துவிடுங்கள்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

காதுக் கம்பியின் உள்பக்கம் 52-18-140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். கடையில் இந்தக் கம்பியை சைடு என்பார்கள். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது இரண்டு லென்ஸுக்கும் நடுவில் உள்ள பிரிட்ஜ், மூன்றாவது காதுக் கம்பியின் முழு நீளம். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. உங்களுக்குச் சரியாகப் பொருந்திய பழைய கண்ணாடி வீட்டில் கிடந்தால் அதன் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஃபிரேம் வாங்கும்போது அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

அடுத்து, கம்பிகளை விரித்துக் கண்ணாடியைத் தலைகீழாக ஒரு சமதளத்தில் வையுங்கள். ஃபிரேமின் மேல் விளிம்பு இரண்டு பக்கமும், கம்பிகள் இரண்டும் தளத்தைத் தொட வேண்டும். ஒரு கம்பி தூக்கி நின்றால் ஃபிரேம் முறுக்கியிருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பாவும் ஆத்தங்குடிக் கல்லை கண்ணாடித் தட்டின் மேல் வார்ப்பதால் ஒவ்வொரு கல்லும் வழவழவென்று இருக்கும். ஆனால் பாவிய தரை முழுக்க ஒரே மட்டமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தச் சோதனைக்கு மேசைக் கண்ணாடிதான் சரி.

மூன்றாவது பி.டி., அதாவது இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான தூரம். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் வரும். சீட்டில் எழுதியிருக்காவிட்டால் கடையில் கருவி வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

சரிசெய்யும் வரிசை எப்போதும் மூக்கு, அடுத்து நெற்றிப்பொட்டு (கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட இடம்) அகலம், கடைசியில் காது. இதை மாற்றக் கூடாது. மூக்கில் ஒரு மில்லிமீட்டர் மாற்றினாலே காதுக்குப் பின்னால் வளைவு விழும் இடமும் மாறிவிடும்.

## குனிந்தால் வழுக்கி இறங்குகிறது

நம் ஊரில் கேட்கும் முறையீடுகளில் இதுதான் பெரியது. வியர்வைதான் காரணம் என்று எல்லோரும் வெயிலின் மேல் பழியைப் போடுகிறார்கள். நன்றாகப் பொருந்திய ஃபிரேம் சித்திரை வெயிலிலும் நிற்கும். வியர்வை ஏற்கெனவே தளர்வாக இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

முதலில் பிரிட்ஜைப் பாருங்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காதுக்குப் பின்னால் இருக்கும் வளைவை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிவிடுங்கள். அப்போதே ஃபிரேம் சரிந்தால் குற்றம் மூக்கில் இருக்கிறது. பிரிட்ஜ் உங்கள் மூக்குக்கு அகலம். மூக்கில் பதியும் சின்ன மெத்தையான பேடு வைத்த மெட்டல் ஃபிரேம் என்றால் இரண்டு பேடுகளையும் ஒன்றையொன்று நோக்கிச் சற்று நெருக்கினால் போதும், ஃபிரேம் மேலேறும், முகத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளியும் நிற்கும். அகற்றினால் இறங்கும், முகத்தை ஒட்டும். இதை நினைவில் வைத்தால் மூக்குக் கோளாறில் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். பேடின் முழுப் பரப்பும் தோலில் பதிய வேண்டும். விளிம்பு மட்டும் பட்டால் வழுக்கும், குத்தவும் செய்யும்.

பேடு இல்லாமல், பிளாஸ்டிக்கே மூக்கில் உட்காரும் ஃபிரேம் என்றால் பிரிட்ஜை மாற்ற வழியில்லை. சிலிக்கான் ஒட்டுப் பேடு ஒட்டலாம், அசிடேட் (கெட்டியான ஒரு வகைப் பிளாஸ்டிக்) ஃபிரேமில் துளையிட்டுப் பேடு வைத்துத் தருபவர்களும் உண்டு. ஆனால் மூக்குத் தண்டு தாழ்ந்தவர்கள் வாங்கும்போதே பேடு வைத்ததையோ, பிரிட்ஜ் 16 அல்லது 17 உள்ளதையோ பார்ப்பது நல்லது. 20 பிரிட்ஜ் உள்ள அழகான ஃபிரேமை எடுத்துவிட்டு அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மூக்கில் சரியாக நிற்கிறது, தலையாட்டினால் மட்டும் இறங்குகிறது என்றால் குற்றம் காதில். கம்பியின் வளைவு காதின் உச்சியைத் தாண்டியதுமே தொடங்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பின்னால் தொடங்கினால், வளைவு காதைத் தொடும் வரை ஃபிரேம் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். அசிடேட் கம்பியைக் கடையில் சூடுகாட்டி, பழைய வளைவை நிமிர்த்தி, புது இடத்தில் வளைப்பார்கள். வீட்டில் குளிர்ந்த நிலையில் வளைத்தால் ஒடியும். டி.ஆர்.90 வகைப் பிளாஸ்டிக் லேசானது, சட்டென்று உடையாது. ஆனால் வளைத்தால் பழைய வடிவத்துக்கே திரும்பும் குணம் அதற்கு உண்டு. அதனால் டி.ஆர்.90 வாங்குபவர்கள் கடையில் மாட்டிப் பார்க்கும்போதே சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பது அதில் அவ்வளவாக நடக்காது.

இன்னொன்று. அதிகப் பவர் உள்ளவர்களுக்கு வழுக்கல் என்பது வெறும் தொல்லை மட்டும் இல்லை. மைனஸ் 8 பவர் லென்ஸ் 4 மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்தால் கண்ணுக்குக் கிடைக்கும் பவர் ஏறக்குறைய கால் பாயின்ட் குறையும். "பவர் ஏறிடுச்சு போல" என்று மறுபடி சோதனைக்குப் போவதற்கு முன், கண்ணாடியை விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். தெளிந்தால் ஃபிரேமைத்தான் சரிசெய்ய வேண்டும்.

## மூக்கில் தழும்பு, அரிப்பு, பச்சைக் கறை

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவந்தால் எடை அதிகம், அல்லது பேடு சின்னது. 13 மில்லிமீட்டர் பேடுக்குப் பதில் 15 போட்டால் பாரம் பரவும். ஒரு பக்கம் மட்டும் சிவந்தால் ஃபிரேம் கோணல். பேடை விட்டுவிட்டு அதற்கான பகுதிக்குப் போங்கள்.

அரிப்பும் சிறு கொப்புளமும் உலோகம் படும் இடத்தில் மட்டும் வந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கவரிங் நகை போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு இது அதிகம். அவர்கள் டைட்டானியம் அல்லது அசிடேட் எடுப்பது நல்லது. புண் ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பேடைச் சுற்றிப் படியும் பச்சை, உலோகக் கலவையில் இருக்கும் செம்பு வியர்வையோடு சேர்ந்து களிம்பு பிடிப்பது. 1953 முதல் உலோக அரிப்பையும் ஆராய்ந்துவரும் மத்திய மின்வேதியியல் நிலையம் இருக்கிற ஊர் காரைக்குடி, இங்கே இதை விளக்கிச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடிக்கு வேண்டியது எளிய வைத்தியம். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, மென்மையான பழைய பல்துலக்கி, வாரம் ஒருமுறை. பேடு மஞ்சளாகிக் கெட்டியானால் மாற்றிவிடுங்கள். வியர்வை அதிகம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும்.

## நெற்றிப்பொட்டில் அழுத்தம், காதுக்குப் பின் வலி

மாலையில் கழற்றும்போது நெற்றிப்பொட்டில் கோடு விழுந்திருந்தால் ஃபிரேம் முகத்துக்குக் குறுகல். மேலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி கீலிலிருந்து காது வரை நேராக, தோலை லேசாக ஒட்டியும் ஒட்டாமலும் வர வேண்டும். வெளியே வில்லாக வளைந்தால் குறுகல் உறுதி. கொஞ்சம் குறுகல் என்றால் கீல் பக்கம் விரித்துத் தருவார்கள். 4, 5 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் விரித்துப் பயனில்லை, முன்பக்கம் வளைந்து லென்ஸ் தெறிக்கும்.

காதுக்குப் பின் வலி என்றால் வளைவு சீக்கிரமே தொடங்குகிறது, அல்லது கம்பியின் முனை எலும்பில் குத்துகிறது. 140க்குப் பதில் 145 கம்பி வேண்டியவர்களுக்கு இது வரும். ஹெல்மெட் போட்டால் மட்டும் வலித்தால் தடித்த கம்பிதான் காரணம். தினமும் வண்டி ஓட்டுபவர்கள் மெல்லிய, நேரான கம்பியாகப் பார்த்து எடுங்கள்.

பெண்களுக்கு மட்டும் ஒரு விஷயம். விசேஷ நாளில் மாட்டல் போடும்போது அந்தச் சங்கிலி கம்பிக்கு அடியில் சிக்கினால் அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும், காதும் வலிக்கும். முதலில் கண்ணாடியை மாட்டி, அதற்கு மேலாகச் சங்கிலி போகும்படி கொண்டையில் குத்துங்கள்.

## ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது

காது இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பவர்கள் குறைவு. அதனால் மேசைச் சோதனையில் நேராக நிற்கும் ஃபிரேம் முகத்தில் கோணலாக நிற்பது சகஜம். முகத்துக்கு நேராக இருக்க வேண்டும், மேசைக்கு அல்ல.

விதி இதுதான். எந்தப் பக்கம் உயர்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்துக் கம்பியைக் கீல் அருகே சற்று மேல்நோக்கி வளைக்க வேண்டும், அந்தப் பக்கம் இறங்கும். தாழ்ந்த பக்கத்தை ஏற்ற வேண்டுமானால் அந்தக் கம்பியைக் கீழ்நோக்கி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்து கோணலை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள்.

ஒரு லென்ஸ் முகத்தை ஒட்டியும் மற்றது தள்ளியும் நின்றால், ஒட்டிய பக்கத்துக் கம்பியை உள்ளே, தள்ளிய பக்கத்துக் கம்பியை வெளியே. மெட்டலில் இதைச் செய்யும்போது ஒரு கையால் முன்பக்கத்தைக் கீல் ஓரமாக இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், விசை லென்ஸில் விழக் கூடாது. ரிம் இல்லாத, துளையிட்ட லென்ஸ் கண்ணாடியில் வீட்டில் கையே வைக்காதீர்கள். துளையைச் சுற்றி விரிசல் விட்டால் லென்ஸையே மாற்ற வேண்டும்.

## சிரித்தால் கன்னத்தில் இடிக்கிறது, இமைமுடி தட்டுகிறது

இமை தட்டினால் பேடை நெருக்குங்கள். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையில் 12 முதல் 14 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். கன்னத்தில் இடித்தால் மூன்றில் ஒன்று: ஃபிரேம் கீழே உட்கார்ந்திருக்கிறது, லென்ஸின் உயரம் அதிகம், அல்லது கீழ் விளிம்பு முகத்தை நோக்கி அதிகம் சாய்ந்திருக்கிறது. சாய்வு 8 முதல் 12 டிகிரிக்குள் இருந்தால் போதும். மாட்டிப் பார்க்கும்போது முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்காமல் வாய்விட்டுச் சிரித்துப் பாருங்கள். கன்னம் உப்பியவர்கள் இதைத் தவறவிட்டால் தினமும் லென்ஸின் அடியில் எண்ணெய்க் கோடுதான்.

## புரோகிரசிவ், பைஃபோகல் போட்டதும் படியில் தடுமாற்றம்

வெள்ளெழுத்துக் கண்ணாடி போடும் வயதில் ஃபிரேம் அழகை மட்டும் பார்த்து எடுத்தால் வரும் கோளாறு இது. புரோகிரசிவ் லென்ஸில் தூரப் பார்வை மேலே, படிக்கும் பவர் கீழே, நடுவில் பவர் படிப்படியாக மாறும். பைஃபோகலில் இரண்டுக்கும் நடுவே கோடு தெரியும். கண்மணியின் நடுவிலிருந்து ஃபிரேமின் கீழ் விளிம்பு வரை சாதாரண வடிவமைப்புக்கு 18 மில்லிமீட்டர், குட்டை வகைக்குக் குறைந்தது 14 மில்லிமீட்டர் வேண்டும். ஒல்லியான செவ்வக ஃபிரேம் எடுத்தால் படிக்கும் பகுதியே வெட்டுப்பட்டுப் போய்விடும்.

படிக்கத் தாடையைத் தூக்க வேண்டியிருந்தால் லென்ஸ் தாழ்ந்திருக்கிறது. பேடை நெருக்கி ஃபிரேமை ஏற்றிப் பாருங்கள். தூரத்தைப் பார்க்கத் தாடையைத் தாழ்த்த வேண்டியிருந்தால் உயர்ந்திருக்கிறது. பேடை அகற்றுங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் அளந்ததே தவறு, லென்ஸைத் திரும்பச் செய்து தரச் சொல்லுங்கள். அளக்கும்போது ஃபிரேமை முகத்துக்குப் பொருத்திவிட்டு, பிறகுதான் லென்ஸில் மைப்புள்ளி வைக்க வேண்டும். பொருத்தாமல் புள்ளி வைப்பதைக் கண்டால் அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் இது இன்னும் முக்கியம். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறும் உயரப் படி, நிலைவாசல் தாண்டும் இடம், வெளிச்சம் பொங்கும் முற்றத்திலிருந்து இருட்டான இரண்டாம் கட்டுக்குள் நுழையும் இடம், எல்லாமே கால் பார்த்து வைக்க வேண்டியவை. லென்ஸின் கீழ்ப்பகுதி ஒரு முழத்துக்குள் இருப்பதைப் பார்க்கத்தான். படியோ அதைவிடத் தூரத்தில் இருக்கிறது, மங்கலாகத்தான் தெரியும். தலையைக் குனிந்து, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்கப் பழக வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய அப்பத்தாவுக்குப் புதிதாக புரோகிரசிவ் போட்டுப் பழக்குவதைவிட, நடமாட ஒன்று, படிக்க ஒன்று என இரண்டு கண்ணாடி வாங்கிக் கொடுப்பதே பத்திரம்.

## ஓரம் தடித்து அசிங்கமாகத் தெரிகிறது

இங்கே பலர் விலை உயர்ந்த மெல்லிய லென்ஸுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பெரிய ஃபிரேமால் அதைப் பாழாக்குகிறார்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். மைனஸ் 6 பவர், பி.டி. 62. ஃபிரேம் 54-18 என்றால் இரண்டையும் கூட்டினால் 72, பி.டி.யைவிட 10 அதிகம். ஆக ஒவ்வொரு லென்ஸின் மையமும் 5 மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் நகர வேண்டும், வெளி ஓரம் மையத்திலிருந்து 32 மில்லிமீட்டரில் விழும். சாதாரண 1.50 லென்ஸில் (இந்த எண் ஏற ஏற லென்ஸ் மெலியும்) அந்த ஓரம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தடிக்கும். அதே கண்ணுக்கு 48-18 ஃபிரேம் எடுத்தால் ஓரம் 26 மில்லிமீட்டரில் நின்றுவிடும், தடிமன் 6 மில்லிமீட்டர்தான். பெரிய ஃபிரேமில் 1.67 லென்ஸ் போட்டாலும் வருவது அதே 6 மில்லிமீட்டர்தான்!

அதனால் பவர் அதிகம் உள்ளவர்கள் சின்ன, வட்டத்தை ஒட்டிய வடிவமாக, விளிம்பை மறைக்கும் முழு அசிடேட் ஃபிரேமாக எடுங்கள். முதல் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை பி.டி.க்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. ப்ளஸ் பவர்காரர்களுக்கு நடுப்பகுதி தடிக்கும், கண் பெரிதாகத் தெரியும். அவர்களுக்கும் சின்ன ஃபிரேமே எடுப்பு.

பி.டி. தவறினால் அழகு மட்டும் போகாது. மைனஸ் 5 பவரில் மொத்தம் 4 மில்லிமீட்டர் தவறினால் 2 பிரிசம் (ஒளி விலகுவதை அளக்கும் அலகு) அளவு கண் இழுபடும். புதுக் கண்ணாடியில் தலைவலி என்றால் லென்ஸின் பவரையும் மையத்தையும் அளக்கும் லென்சோமீட்டரில் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, பார்வை திடீரென்று குறைந்தாலோ கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

## எல்லாம் பொருந்துகிறது, ஆனால் முகத்துக்கு எடுக்கவில்லை

வட்ட முகத்துக்குச் சதுரம், சதுர முகத்துக்கு வட்டம் என்ற பாடத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது தவறில்லை, ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது கண் எங்கே விழுகிறது என்பது. கண்மணி லென்ஸின் நடுவிலோ, நடுவுக்குச் சற்றே மூக்குப் பக்கமாகவும் மேலாகவுமோ விழ வேண்டும். வெளிப்பக்கமாக விழுந்தால் ஃபிரேம் சின்னது, முகம் உப்பலாகத் தெரியும். மூக்கை ஒட்டி விழுந்தால் ஃபிரேம் பெரிது, கண்கள் நெருங்கித் தெரியும்.

அடுத்தது புருவம். ஃபிரேமின் மேல்கோடு புருவத்தின் போக்கிலேயே போக வேண்டும். புருவம் முழுக்க லென்ஸுக்குள் விழுந்தால் எந்நேரமும் திகைத்த பார்வை. மேல்கோடு புருவத்தைவிட மிகவும் தாழ்ந்தால் ஒரு முகத்தில் இரண்டு புருவக்கோடு.

ஆண் ஃபிரேம், பெண் ஃபிரேம் என்று தட்டில் பிரித்து வைத்திருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது அளவும் நிறமும்தான். ஒடுங்கிய மூக்கும் முகமும் உள்ள ஆணுக்குப் பெண்கள் தட்டில் இருக்கும் 49-17 ஃபிரேம் கச்சிதமாக உட்காரும். அகன்ற முகமுள்ள ஆச்சிக்கு ஆண்கள் தட்டின் 54 நன்றாக இருக்கும். கூச்சப்படாமல் இரண்டு தட்டிலும் தேடுங்கள்.

நிறத்தில் எங்கள் தேர்வு இது. மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் ஆழ்ந்த பழுப்பு, அரக்கு, பாசிப்பச்சை, துப்பாக்கி உலோகச் சாம்பல் எல்லாம் அருமையாக எடுக்கும். வெள்ளைச் சட்டை, வேட்டிக்கு ஆழ்ந்த பழுப்பு கறுப்பைவிட மென்மை. கண்டாங்கிச் சேலையில் கட்டமும் கரையும் ஏற்கெனவே பேசுகின்றன. அதோடு புள்ளி, வரி போட்ட ஃபிரேம் சண்டை போடும். கரையின் அரக்கையோ கறுப்பையோ எடுத்து ஒற்றை நிறத்தில், முனை சற்றே மேல்நோக்கிய வடிவம் போட்டுப் பாருங்கள். தங்க நகை நிறைய போடும் நாளுக்கு மெல்லிய மங்கல் தங்க நிற மெட்டல் போதும். கல்யாண வீட்டில் படம் எடுக்கும்போது கண் தெரியாமல் வெள்ளை வெளிச்சம் மட்டும் தெரிவது ஃபிரேமின் குற்றம் இல்லை. பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏ.ஆர். கோட்டிங் போட்டுக்கொள்ளுங்கள். ஒளி ஊடுருவும் வெள்ளை ஃபிரேம் எண்ணெயும் வியர்வையும் குங்குமமும் பட்டு மஞ்சளாகும். நெற்றியில் குங்குமம் வைப்பவர்கள் அதைத் தவிர்க்கலாம்.

## லென்ஸில் கீறல், சிலந்திவலைக் கோடு, ஃபிரேம் வெளுப்பு

திருநீறு நுண்ணிய பொடி. பூசிக்கொள்ளும்போது லென்ஸில் உதிரும், அதை வேட்டி நுனியால் உலர்ந்தபடியே துடைப்பதுதான் வட்ட வட்டமான கீறலுக்குக் காரணம். முதலில் தண்ணீரில் அலசுங்கள், பிறகு சோப்பு ஒரு சொட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணி. உப்புத் தண்ணீர் லென்ஸில் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும், உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள். திருநீறு பூசி முடித்த பிறகு கண்ணாடி மாட்டுவது இன்னும் நல்லது.

சிலந்திவலை போல் மெல்லிய கோடுகள் முழு லென்ஸிலும் வந்தால் அது சூட்டில் வந்தது. வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். லென்ஸ் விரியும் அளவுக்குக் கோட்டிங் விரியாது, வெடித்துவிடும். துடைத்தால் போகாது, லென்ஸ் மாற்றம்தான். காதுக்குப் பின்னால் அசிடேட் வெளுத்தால் கடையில் மெருகுச் சக்கரத்தில் பிடித்துத் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் பழைய பளபளப்பு வந்துவிடும்.

## திருகு தளர்கிறது, அரை ரிம் நூல் அறுகிறது

திருகை இறுக்கி, தலையில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு துளி. ஒரே திருகு மாதம் இருமுறை கழன்றால் புரி தேய்ந்துவிட்டது, ஒரு அளவு பெரிய திருகு போட வேண்டும். சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், கீல் இறுகிவிடும், ஆவி பட்டு லென்ஸும் வெளுக்கும். அரை ரிம் ஃபிரேமில் லென்ஸின் கீழ்ப்பாதியைத் தாங்கும் நைலான் நூல் அறுந்தால் லென்ஸை ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தி, ஃபிரேமோடு கடைக்குக் கொண்டுபோங்கள். புது நூல் மாட்டப் பத்து நிமிடம் போதும். திரும்ப வாங்கும்போது லென்ஸ் பள்ளத்தில் சுற்றாமல் நிற்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். சிலிண்டர் பவர் (சீட்டில் கோணத்தோடு எழுதும் பவர்) உள்ளவர்களுக்கு லென்ஸ் ஐந்து டிகிரி சுற்றினாலே எழுத்து கலங்கும்.